தாரை விற்று ஸ்விஃப்ட் வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்?

மஹிந்திரா தார் டீசல், ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓடினால் லிட்டருக்கு 11 முதல் 13 கிலோமீட்டர் தரும். 2024 மே மாதம் வந்த புதிய மாருதி ஸ்விஃப்டுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் 24.8. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எரிபொருள் செலவு பாதியாகிவிடும் என்றே யாருக்கும் தோன்றும். உண்மையில் அவ்வளவு குறையாது. எவ்வளவு குறையும் என்பது வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, தார் டீசலா பெட்ரோலா, அதை விற்று வாங்குவது புது ஸ்விஃப்டா பழையதா என்ற மூன்று கேள்விகளைப் பொறுத்தது. வாங்கும் முடிவை எடுக்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுவது நல்லது.

முதலில் அந்த 24.8. இது சாலையில் ஓட்டி அளந்தது இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஏ.சி. போடாமல், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஓட்ட முறையில் எடுத்த அளவு. சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஏ.சி.யுடன் ஓட்டினால் ஸ்விஃப்ட் 14 முதல் 16 தரும். நெடுஞ்சாலையில் 80-90 வேகத்தில் நிதானமாகப் போனால் 20-ஐத் தாண்டும். கலந்து ஓட்டுபவர் 18 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலிலும் மைலேஜ் சற்றுக் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அடுத்தது விலை. சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவரின் டீசல் தார், லிட்டருக்கு 12 வீதம் 1,250 லிட்டர் குடிக்கும். செலவு 1,15,000 ரூபாய். அதே தூரத்துக்கு ஸ்விஃப்டுக்கு 833 லிட்டர் பெட்ரோல், அதாவது சுமார் 84,000 ரூபாய். மிச்சம் வருடத்துக்கு 31,000 ரூபாய், மாதத்துக்கு 2,600. டீசலிலிருந்து விலை கூடிய பெட்ரோலுக்கு மாறுவதால் மைலேஜில் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி பங்க்கிலேயே போய்விடுகிறது. வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார் என்றால் மிச்சம் 16,000 ரூபாய் அளவில் நின்றுவிடும்.

பெட்ரோல் தார் வைத்திருப்பவரின் கணக்கு வேறு. அந்த 2 லிட்டர் டர்போ எஞ்சின் நடைமுறையில் 9-ஐ ஒட்டியே தரும். 15,000 கிலோமீட்டருக்கு 1,667 லிட்டர், 1,68,000 ரூபாய். ஸ்விஃப்டுக்கு மாறினால் அவருக்கு வருடத்துக்கு 84,000 ரூபாய் கையில் நிற்கும். டீசல்காரருக்குக் கிடைப்பதைப் போல இது இரண்டரை மடங்குக்கும் மேல். மாறலாமா என்று பெட்ரோல் தார்காரர் யோசித்தால், எரிபொருள் கணக்கு மட்டுமே ‘மாறலாம்’ என்று சொல்லப் போதுமானது.

மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பழகியதால் ஒரு தவறு எளிதாக நேர்கிறது. 18 தரும் காரை விட்டு 24 தரும் காருக்குப் போவது பெரிய தாவலாகத் தெரிகிறது. 9-லிருந்து 12-க்குப் போவது சின்ன விஷயமாகத் தெரிகிறது. 15,000 கிலோமீட்டருக்கு லிட்டராக மாற்றிப் பாருங்கள்: முதலாவதில் மிச்சம் 208 லிட்டர், இரண்டாவதில் 417 லிட்டர். ஆக, அதிகம் குடிக்கும் வண்டியை விட்டு வெளியே வருவதில்தான் பெரும்பாலான லாபம் இருக்கிறது. ஸ்விஃப்டா, அதைவிடச் சற்றுக் கூடத் தரும் செலெரியோவா என்று மண்டையைக் குடைந்துகொள்வதில் கிடைப்பது கொஞ்சம்தான்.

தார் ஏன் இவ்வளவு குடிக்கிறது?

எடை ஒரு காரணம். தார் சுமார் 1,750 கிலோ, ஸ்விஃப்ட் சுமார் 920. தனிச் சட்டத்தின் மேல் பாடியை வைத்துக் கட்டிய அமைப்பு, எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இரு முன்சக்கரங்களுக்கும் பங்கிடும் முன்பக்க டிஃபரென்ஷியல், அதற்கான ஷாஃப்டுகள், பெரிய சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த எடை அது. நான்கு சக்கரங்களையும் இயங்க வைக்கும் 4x4 லீவரை ஒருமுறைகூடத் தொடாமல் ஆபீசுக்குப் போய் வந்தாலும் இவ்வளவையும் எஞ்சின் இழுத்துக்கொண்டுதான் போகிறது.

நெடுஞ்சாலையில் எடையைவிடக் காற்றுதான் பெரிய செலவு. தாரின் முகம் செங்குத்தானது, கண்ணாடியும் நிமிர்ந்து நிற்கிறது, உயரம் 1.8 மீட்டருக்கு மேல். தோராயமாகக் கணக்கிட்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்விஃப்டைக் காற்று 200 நியூட்டன் விசையில் தடுக்கிறது, டயர்களின் உருளும் தடை இன்னொரு 110. தாருக்குக் காற்றுத் தடை ஏறக்குறைய 400, கரடுமுரடான ஆல் டெர்ரெய்ன் டயர்களின் தடை 250. அந்த வேகத்தைத் தக்கவைக்க ஸ்விஃப்டுக்குச் சக்கரத்தில் 7 கிலோவாட் போதும், தாருக்கு 14 வேண்டும். தேவை இரு மடங்காக இருந்தும் டீசல் தாரின் மைலேஜ் பாதியாக விழாமல் 12-ல் நிற்பதற்குக் காரணம், டீசல் எஞ்சினின் திறன் கூடுதல் என்பதும், ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதம் அளவுக்கு ஆற்றல் அதிகம் என்பதும்.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் தாரின் காற்றுத் தடை 400-லிருந்து 625 ஆகிறது, ஸ்விஃப்டுக்கு 200-லிருந்து சுமார் 310. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் ஸ்விஃப்ட்காரரைவிடத் தார்காரருக்கே லாபம் அதிகம். வண்டியை மாற்ற மனமில்லாதவர்கள் கூரை கேரியரைக் கழற்றி, 80-ல் ஓட்டி, டயர் காற்றைச் சரியாக வைத்தாலே கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

டீசல் தாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பி.எஸ்.6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. தேங்கிய கரி எரிந்து தீர வேண்டுமானால் வண்டி சூடாகிச் சீரான வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடி அணைந்தால் கரி எரியாமல் சேரும், எச்சரிக்கை விளக்கு எரியும், கவனிக்காவிட்டால் எஞ்சின் சக்தி குறைக்கப்பட்ட நிலைக்குப் போகும். பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று குறுகிய ஓட்டம் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு டீசல் வண்டி பொருந்தாது என்பதற்கு மைலேஜைவிட வலுவான காரணம் இதுதான்.

எரிபொருளுக்கு அப்பால்

மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூன் முதல் உள்ள கட்டணப்படி 1,500 சி.சி.க்கு மேற்பட்ட 4x4 தாருக்கு வருடத்துக்கு 7,897 ரூபாய், 1,000 முதல் 1,500 வரையில் வரும் ஸ்விஃப்டுக்கு 3,416 ரூபாய். வருடத்துக்கு 4,481 ரூபாய் குறைகிறது. தாரின் 255/65 ஆர்18 டயர் ஒன்று சுமார் 13,000 ரூபாய், ஸ்விஃப்டின் 185/65 ஆர்15 சுமார் 5,500. நான்கையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு 10,000 ரூபாய் வித்தியாசம். எஞ்சின் ஆயில் தாருக்கு 6 லிட்டருக்கு மேல், ஸ்விஃப்டுக்கு 3 லிட்டர் அளவு. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், இரண்டு டிஃபரென்ஷியல் ஆயில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிரீஸ் எல்லாம் ஸ்விஃப்டின் சர்வீஸ் பில்லில் வராது. இவற்றையெல்லாம் கூட்டினால் டீசல் தாரை விட்டு மாறுபவரின் மொத்த மிச்சம் வருடத்துக்கு 50,000 ரூபாயை ஒட்டி வரும்.

மறுபக்கம் சாலை வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாய் வரையுள்ள புதுக் காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். ஏழரை லட்ச ரூபாய் ஸ்விஃப்டுக்கு 97,500 ரூபாய். டீசல்காரர் மூன்று வருடம் எரிபொருளில் சேமிப்பது முழுக்க வரி ஒன்றுக்கே போய்விடுகிறது. அதோடு புது வண்டி ஒரு வருடம் முடிவதற்குள் காப்பீட்டு மதிப்பிலேயே 15 சதவீதத்தை இழக்கும். தாரை ஆரம்பத்தில் வாங்கியபோது கட்டிய வரி திரும்பி வராது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டு மூன்று வருடம் ஓடிய ஸ்விஃப்டை வாங்குவதே சரி என்பது எங்கள் கருத்து. ஆயுட்கால வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும், மதிப்பின் முதல் பெரிய சரிவையும் முந்தைய உரிமையாளர் தாங்கியிருப்பார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து புதுக் காரின் விலை இறங்கியிருக்கிறது. பழைய கார் விலை பேசும்போது இன்றைய புது விலையிலிருந்து பேசுங்கள், விற்பவர் அன்று கொடுத்த விலையிலிருந்து பேசாதீர்கள்.

பழைய ஸ்விஃப்டில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது தயாரிப்பு மாதம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருட்களால் ஆனவை. இரண்டாவது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சுருளுக்குள் மறைந்திருந்த பகுதியில் சேற்றின் கோடு தெரியும். முன் இருக்கையின் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல், ஃபியூஸ் பெட்டி முனைகளில் பச்சைப் பூச்சு என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2020-ல் தார் 4 நட்சத்திரம் பெற்றது. முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் 2022-ல் 1 நட்சத்திரம்தான் பெற்றது. இடையில் சோதனை விதிகள் கடுமையாகின என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. இருந்தும் 1 நட்சத்திரம் குறைவுதான். 2024 ஸ்விஃப்டில் 6 ஏர்பேக் எல்லா வகைகளிலும் உண்டு. அதே ஆண்டு வந்த மாருதியின் டிசையர் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றது. குடும்பத்தோடு அடிக்கடி இரவு நேர நெடுஞ்சாலைப் பயணம் செய்பவர், கொஞ்சம் கூடக் கொடுத்து புது டிசையருக்கோ, மைலேஜில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 5 நட்சத்திர டாடா பஞ்சுக்கோ போவதில் நியாயம் இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் சிக்கனக் கணக்கைத் தள்ளி வைக்கலாம்.

ஓட்டும் கை மாற வேண்டும்

தார் டீசலின் 300 நியூட்டன் மீட்டர் இழுவிசை 1,600 ஆர்.பி.எம்.மிலேயே முழுதாக வந்துவிடும். ஸ்விஃப்டின் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 112-தான், அதுவும் 4,300-ல்தான் உச்சம். நான்கு பேர் ஏறினால் தாரின் எடை 16 சதவீதம் கூடுகிறது, ஸ்விஃப்டின் எடை 30 சதவீதம் கூடுகிறது. தனியாக ஓட்டும்போது துள்ளிய கார், குடும்பத்தோடு மலை ஏறும்போது திணறுவது இதனால்தான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம் முகத்தில் அறையும். டீசல் பழக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வளைவுக்குள் நுழைவார்கள். பாதி வளைவில் எஞ்சின் 1,300-க்கு இறங்கி உதறும். நின்றுவிடுமோ என்ற பயத்தில் கிளட்ச்சைப் பாதி அழுத்துவார்கள். பத்து வளைவு தாண்டுவதற்குள் கருகிய நாற்றம் வரும். கிளட்ச் தட்டு வழுக்கியபடியே சுழல்வதால் அதன் உராய்வுப் பூச்சு எரிகிறது. செய்ய வேண்டியது எளிது: வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு இறங்கி, காலைக் கிளட்ச்சிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு, எஞ்சினை 2,500-க்கு மேலேயே வைத்து ஏற்ற வேண்டும். இரைச்சல் கூடும், அது எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. குறைந்த சுற்றில் இழுக்க வைப்பதுதான் கெடுதல். தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. கார் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வளைவுகளுக்கு நடுவே அதுவாகவே மேல் கியருக்குத் தாவிவிடும். இறங்கும்போது, நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் தாரின் 4 லோ போன்ற வசதி இங்கே இல்லை. இரண்டாவது கியரில் எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்தட்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும்.

வேகத்தடை அடுத்த சோதனை. தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், ஸ்விஃப்டுக்கு 163. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலும் தாழும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக உருண்டு இருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் ஸ்விஃப்ட் தட்டாமல் போகும். ஊர்களில் தாங்களே போட்டுக்கொள்ளும் குறுகிய உயரமான மேடுகளில்தான் புகைக்குழாய் இணைப்பும் அடிக்கவசமும் உரசும். முன்சக்கரம் மேட்டில் ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும், அழுத்திக்கொண்டே ஏறினால் காரின் மூக்கு இன்னும் தாழும். சாலை அகலமும் எதிரே வண்டி இல்லாத நிலையும் இருந்தால் சாய்வாக ஏறுவது நல்லது. உயரத்துக்காக 195/65 டயர் போடுவதில் பலனில்லை, காரை அது ஆறு ஏழு மில்லிமீட்டர்தான் உயர்த்தும், மைலேஜ் குறையும். ஸ்பிரிங் நடுவே செருகும் ரப்பர் பஃபர் வாரன்டியைக் கேள்விக்குள்ளாக்கும்.

தண்ணீர் விஷயத்தில் பழைய துணிச்சலை முழுக்கக் கைவிட வேண்டும். தார் 650 மில்லிமீட்டர் நீரில் இறங்கக்கூடியது. சிறிய காருக்குப் பாதி சக்கர உயரம், அதாவது 300 மில்லிமீட்டரே எல்லை. அதற்கு மேல் காற்று உறிஞ்சும் வாய் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். நீரில் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதியில் குடியிருப்பவர் இதைத் தவிர்க்கவே கூடாது.

தோட்டத்துக்கோ எஸ்டேட்டுக்கோ வாரம் ஒருமுறையாவது மண் பாதையில் போக வேண்டியவர், மழைக்காலத்தில் 4 லோ இல்லாமல் வீடு சேர முடியாதவர் தாரை விற்கக்கூடாது. அவருக்கு ஏற்றது, தினசரி ஓட்டத்துக்கு ஒரு பழைய சிறிய காரை வாங்கிவிட்டுத் தாரின் வருட ஓட்டத்தைக் குறைப்பது. போன வருடத்தில் 4 லோ எத்தனை முறை உண்மையில் தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் தாம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

விற்கும்போது

தார் வாங்க வருபவர் முதலில் குனிந்து அடியில் பார்ப்பார். விற்கும் முன் இரண்டு டிஃபரென்ஷியல் ஆயிலையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஆயிலையும் சீலையும் மாற்றிவிட்டு, மாற்றியதைச் சொல்லியே விற்பது நல்லது. 4x4 லீவர் பல மாதம் தொடாமல் இருந்தால் இறுகிக்கொள்ளும். மண் தரையில் 4 ஹை, 4 லோ இரண்டையும் போட்டுக் கொஞ்சம் ஓட்டிப் பழக்கிவிடுங்கள், தார்ச்சாலையில் செய்ய வேண்டாம். அடிப்பகுதியில் புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்தால் துருவை மறைக்கிறார் என்றே சந்தேகப்படுவார்கள்.

முன்னால் மாட்டிய ‘புல் பார்’ என்ற இரும்புக் கம்பிச் சட்டத்தை ஒன்றிய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. வண்டியின் அமைப்பை ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. உயரம் கூட்டும் ஸ்பிரிங், அகல டயர், விஞ்ச் எல்லாவற்றையும் கழற்றி மூலப் பாகங்களை மாட்டிக் கொடுங்கள். கழற்றியவற்றைத் தனியாக விற்றால் வண்டியோடு கொடுப்பதைவிட நல்ல விலை கிடைக்கும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. லோன் இருந்து முடிந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35-ம் வேண்டும். பணம் கைக்கு வந்ததும் வண்டியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுபவர்கள் பலர். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கு கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும் வரை விடாதீர்கள்.

காப்பீட்டில் உரிமை கோராமல் சேர்ந்த தள்ளுபடி, ஐந்து வருடமானால் 50 சதவீதம் வரை இருக்கும். அது வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கிவிட்டால் மூன்று வருடத்துக்குள் ஸ்விஃப்டின் பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம். ஃபாஸ்டேகை அன்றே மூடுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் கடக்கும் சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் கணக்கில் பிடிக்கப்படும். வருடாந்திர சுங்க பாஸ் எடுத்திருந்தால் அது அந்த வண்டி எண்ணுக்கு மட்டுமே செல்லும், புதுக் காருக்கு மாற்ற முடியாது.